போன் தொலைந்த அன்று எது திறக்கும்? பாஸ்வேர்டு மேனேஜர்கள் ஓர் ஒப்பீடு

பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டி வைத்து, தளம் கேட்கும்போது தானாக நிரப்பும் செயலிதான் பாஸ்வேர்டு மேனேஜர். இவற்றை ஒப்பிடும் கட்டுரைகளில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். எத்தனை சாதனம், என்ன குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் முறை), ஆண்டுக்கு எவ்வளவு என்று வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போவார்கள். படித்து முடித்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த விஷயங்களில் உண்மையிலேயே பெரிய வித்தியாசம் கிடையாது. பெயர் தெரிந்த எந்தச் செயலியை எடுத்தாலும் குறியாக்கம் வலுவாகவே இருக்கும், நீளமான பாஸ்வேர்டு உருவாக்கித் தரும், விரல் வைத்தால் திறக்கும்.

வித்தியாசம் தெரிவது போன் தொலைந்த அன்றுதான். பஸ் நெரிசலில் யாரோ போனை உருவிவிட்டார்கள் என்று வையுங்கள். போனோடு சிம் போயிற்று, சிம்மோடு ஓடிபி போயிற்று. கடைக்குப் போய் அதே எண்ணில் புது சிம் வாங்கினாலும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது. கையில் ஒரு புதுப் போன், தலையில் இரண்டு மூன்று பாஸ்வேர்டு, அவ்வளவுதான் மிச்சம். இந்த நிலையில் எந்தச் செயலி உங்களை உள்ளே விடும்? போனை எடுத்துக்கொண்டு போனவரை எது உள்ளே விடாமல் நிறுத்தும்? இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது சாதாரண வீட்டை. இரண்டு மூன்று ஆண்ட்ராய்டு போன், ஓர் அலுவலக லேப்டாப், நெட்பேங்கிங், வருமான வரித் தளம், பிஎஃப், ஐஆர்சிடிசி, இபி கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத் தளம், நாலைந்து ஓடிடி. இவற்றை இன்று எப்படிச் சமாளிக்கிறோம் என்பதும் தெரிந்ததுதான். பெயருக்குப் பின்னால் ஓர் அட் குறி, அப்புறம் 123. தளம் மாற்றச் சொன்னால் 123 போய் 1234 வரும். ஏடிஎம் பின் எண்ணைக் காண்டாக்டில் ‘பிளம்பர்’ என்று பதிந்து வைத்திருப்பவர்களும் உண்டு.

டைரியில் எழுதி வைத்திருப்பவர்களைக் கேலி செய்ய மாட்டேன். பீரோவுக்குள் இருக்கும் டைரியை இணையத்தில் யாரும் திருட முடியாது. அதன் குறை வேறு. பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும் என்பதால் பாஸ்வேர்டு சின்னதாகவே இருக்கும், ஒன்றையே பத்து இடத்தில் போடுவோம். பத்தில் ஒரு தளம் கசிந்தால் மீதி ஒன்பதும் போச்சு. போலித் தளத்துக்கும் அசல் தளத்துக்கும் வித்தியாசம் டைரிக்குத் தெரியாது. மேனேஜர் முகவரியைப் பார்த்துத்தான் நிரப்பும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பேசாமல் இருந்துவிடும். பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்வதைவிட இந்தப் பேசாமல் இருப்பதுதான் அதனால் கிடைக்கும் பெரிய லாபம் என்பேன்.

கூகுள்: கையில் ஏற்கெனவே இருப்பது

ஆண்ட்ராய்டும் குரோமும் வைத்திருப்பவர்கள் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரைத் தெரியாமலே பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். ‘சேமிக்கவா?’ என்று கேட்கும்போதெல்லாம் ‘சரி’ அழுத்தியிருப்பார்கள். காசு கிடையாது, தனியாக ஒன்றும் நிறுவ வேண்டாம், கசிந்த பாஸ்வேர்டு இருந்தால் எச்சரிக்கவும் செய்யும். ஒன்றுமே வைத்துக்கொள்ளாதவருக்கு இது மிகப் பெரிய முன்னேற்றம். குடும்பக் குழு அமைத்திருந்தால் வீட்டாரோடு பாஸ்வேர்டைப் பகிரவும் 2024 முதல் வசதி உண்டு.

போன் தொலைந்த அன்று? கூகுள் கணக்குக்குள் போக முடிந்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். போக முடியாவிட்டால் எதுவும் வராது. மெயில், போட்டோ, காண்டாக்ட், பாஸ்வேர்டு நான்கும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தக் கதவு எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பியிருந்தால் சிக்கல்தான். கூகுள் கணக்கின் பாதுகாப்பு அமைப்பில் பேக்அப் குறியீடுகள் என்று பத்து எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மட்டும். அதைத் தாளில் எழுதி வைத்தவருக்கு அன்று பிரச்சினை இல்லை.

போனை எடுத்தவர் பக்கம் பார்த்தால் இதன் பலவீனம் தெரியும். போனின் திரைப்பூட்டுதான் பாஸ்வேர்டுகளுக்கும் பூட்டு. நம் வீடுகளில் அந்த பேட்டர்ன் பிள்ளைகள், மைத்துனர், பக்கத்து வீட்டுப் பையன் வரை எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் பார்த்திருக்கவும் கூடும்.

இன்னொன்று, பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸ் கடையும். ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க அங்கே குரோமில் ஜிமெயிலைத் திறப்போம். குரோமிலேயே சைன் இன் செய்யவா, எல்லாவற்றையும் கொண்டுவரவா என்று அது கேட்கும். அவசரத்தில் ‘சரி’ என்று அழுத்தினால் மொத்த பாஸ்வேர்டும் அந்தக் கணினிக்கு இறங்கிவிடும். பைரேட்டட் சாஃப்ட்வேர் போட்ட கணினிகளில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை மொத்தமாக அள்ளும் திருட்டு நிரல்கள் இருப்பது சகஜம். விண்டோஸில் இதைக் கடினமாக்க 2024 ஜூலையில் வந்த 127ஆம் பதிப்பில் குரோம் கூடுதல் பூட்டு ஒன்று போட்டது. அதையும் உடைக்கும் வழிகளைத் திருடர்கள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆப்பிள்: வீடு முழுக்க ஐபோன் என்றால் மட்டும்

ஐக்ளவுட் கீசெயின் 2013 முதலே இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வந்தபோதுதான் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்று தனிச் செயலியாக வெளியே எடுத்து வைத்தார்கள். நன்றாகவே வேலை செய்கிறது, விண்டோஸிலும் ஒரு வழியாகப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டில் கிடையாது. கணவருக்கு ஐபோன், மனைவிக்கு ஆண்ட்ராய்டு என்றிருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு இங்கேயே முடிந்தது.

புது ஐபோனில் பாஸ்வேர்டுகளை மீட்கும்போது ஆப்பிள் பழைய போனின் திரைப்பூட்டு எண்ணையும் கேட்கக்கூடும். அது நினைவில் இருக்க வேண்டும். கணக்கே பூட்டிக்கொண்டால் உதவ நம்பிக்கையான ஒருவரை மீட்புத் தொடர்பாக முன்கூட்டியே சேர்த்து வைக்கலாம். இறந்த பிறகு கணக்கைப் பார்க்க ‘லெகசி கான்டாக்ட்’ என்று ஒருவரை நியமிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அவருக்குப் போட்டோவும் கோப்புகளும்தான் கிடைக்கும், கீசெயினில் உள்ள பாஸ்வேர்டுகள் கிடைக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

திரைப்பூட்டு எண்ணை எட்டிப் பார்த்துவிட்டுப் போனைப் பறித்து மொத்தக் கணக்கையும் கைப்பற்றும் திருட்டு 2023இல் அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்டது. அதைத் தடுக்க 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3இல் திருட்டுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வந்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

லாஸ்ட்பாஸ் கதையும் ஒன்பாஸ்வேர்டும்

தனி நிறுவனங்களின் மேனேஜருக்கு வருவோம். ‘எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் கொடுத்தால், அவர்களையே உடைத்துவிட்டால்?’ என்ற கேள்வி நியாயமானது. அப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள், கடைசியில் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக வாடிக்கையாளர் பெட்டகங்களின் (ஒருவரின் பாஸ்வேர்டுகள் மொத்தமும் இருக்கும் தொகுப்பு) பேக்அப் நகல்களையே எடுத்துக்கொண்டு போனார்கள். டிசம்பரில் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது.

பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் இருந்தன. தளங்களின் முகவரிகள் குறியாக்கம் இல்லாமலே இருந்தன, ஆக யாருக்கு எந்த வங்கியில் கணக்கு என்பது திருடர்களுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டகத்தைத் திறக்கும் பாஸ்வேர்டுக்கு மாஸ்டர் பாஸ்வேர்டு என்று பெயர். அதை ஊகித்துப் பார்க்கும் ஒவ்வொரு முயற்சியையும் மெதுவாக்க, ஒரு கணக்கீட்டைப் பல ஆயிரம் தடவை சுற்றவைப்பது வழக்கம். லாஸ்ட்பாஸின் அன்றைய இயல்பு அமைப்பு 1,00,100 சுற்று. பழைய கணக்குகள் சிலவற்றில் அது 5,000 ஆகவோ அதற்கும் கீழாகவோ விடப்பட்டிருந்தது. சின்ன மாஸ்டர் பாஸ்வேர்டும் குறைந்த சுற்றும் சேர்ந்திருந்த கணக்குகள்தான் உண்மையான ஆபத்தில் மாட்டின. நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்தவர்கள் நகல் திருடு போன பிறகும் பிழைத்தார்கள். இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவருக்கு லாஸ்ட்பாஸைச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இலவசத் திட்டமும் கணினி அல்லது போன், இரண்டில் ஒன்றுக்கு மட்டும் என்று 2021 மார்ச்சிலேயே சுருங்கிவிட்டது.

கனடாவின் ஒன்பாஸ்வேர்டு இந்த ஆபத்துக்கு வேறு வழி வைத்திருக்கிறது. மாஸ்டர் பாஸ்வேர்டோடு 34 எழுத்துகள் கொண்ட ரகசியச் சாவி ஒன்றும் வேண்டும். அது உங்கள் சாதனத்தில் உருவாகிறது, நிறுவனத்திடம் கிடையாது. சர்வரில் இருப்பதை முழுக்கத் திருடினாலும் அந்தச் சாவி இல்லாமல் ஊகித்துத் திறப்பது நடக்காத காரியம். பாதுகாப்பு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இந்த வரிசையில் இதற்கே முதலிடம்.

ஆனால் நம் கேள்வி போன் தொலைந்த அன்று. புதுப் போனில் நுழைய அந்த 34 எழுத்தும் வேண்டும். கணக்கு தொடங்கும்போது ‘எமர்ஜென்சி கிட்’ என்று ஒரு பிடிஎஃப் தருவார்கள், சாவி அதில் இருக்கும். அதை அச்சடித்து வைக்காமல் போனிலேயே டவுன்லோடு செய்து விட்டவரின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. குடும்பத் திட்டம் எடுத்தால் நிலைமை தேவலாம்: அதை நிர்வகிப்பவர் மற்றவர்களின் கணக்கை மீட்டுத் தர முடியும். அப்பா, அம்மாவுக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளும் நிலை இருந்தால் இது பெரிய நிம்மதி. இலவசத் திட்டம் கிடையாது, 14 நாள் சோதனைக்குப் பிறகு டாலர் கணக்கில் சந்தா.

பிட்வார்டன்: பெரும்பாலானவர்களுக்கு என் பதில்

2016இல் வந்த திறமூலச் செயலி, அதாவது இதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இலவசத் திட்டத்திலேயே எத்தனை பாஸ்வேர்டும், எத்தனை சாதனத்திலும் வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். தள முகவரிகளையும் சேர்த்தே குறியாக்கம் செய்கிறது. வீட்டில் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள இலவசத்திலேயே இடம் உண்டு. திரை அழகில் ஒன்பாஸ்வேர்டு ஒரு படி மேல் என்பதை மறுக்க மாட்டேன். சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு அமைப்பு இதன் தானாக நிரப்பும் வேலையை நடுவில் நிறுத்திவிடும். அப்போது அமைப்புக்குள் போய் விலக்குக் கொடுக்க வேண்டும்.

போன் தொலைந்த அன்று நுழைய மின்னஞ்சல் முகவரியும் மாஸ்டர் பாஸ்வேர்டும் போதும். தனிச் சாவி எதுவும் கிடையாது. ஆனால் இங்கே ஒரு சுழல் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போடாத கணக்கில் புதுச் சாதனத்திலிருந்து நுழைந்தால், மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பி அதைக் கேட்கும் வழக்கத்தை 2025இல் பிட்வார்டன் கொண்டுவந்தது. அந்த ஜிமெயிலின் பாஸ்வேர்டு எங்கே? பிட்வார்டனுக்குள். பிட்வார்டன் திறக்க ஜிமெயில் வேண்டும், ஜிமெயில் திறக்க பிட்வார்டன் வேண்டும். ஜிமெயில் பாஸ்வேர்டைப் பெட்டகத்துக்கு வெளியே, தலையிலும் தாளிலும் வைத்திருந்தால் இந்தச் சுழல் அறுந்துவிடும். இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டால் ஒரு மீட்புக் குறியீடு தருவார்கள், அதையும் தாளில் எழுதுங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால் மட்டும் நிறுவனத்தால் ஒன்றும் செய்ய முடியாது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு மீட்கும் வேலை இங்கே இல்லை.

போனை எடுத்தவருக்குத் திரைப்பூட்டு தெரிந்திருந்தாலும் இதற்குத் தனிப் பூட்டு இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: விரல் ரேகையால் திறக்க அமைத்தால், போனில் பதிந்த எந்த விரலுக்கும் அது திறக்கும். கேம் விளையாட மகனின் விரலைப் பதிந்திருந்தீர்கள் என்றால் அவனுக்கும் திறக்கும்.

பணம் கட்டும் திட்டத்தில் எனக்கு முக்கியமாகத் தெரிவது அவசர அணுகல். மனைவியையோ தம்பியையோ நியமித்து, ஏழு நாள் என்று ஒரு காத்திருப்பு வைக்கலாம். அவர் கேட்டு, நீங்கள் ஏழு நாளில் மறுக்காவிட்டால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். அவர் இலவசக் கணக்கு வைத்திருந்தாலே போதும். ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்துவிட்டால் இன்ஷூரன்ஸ் தளத்துக்குள் எப்படி நுழைவது என்று தவிக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி.

வங்கி பாஸ்வேர்டை வீட்டாரோடு பகிர்வதில் மட்டும் நிதானம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, பணம் செலுத்தும் ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததுபோன்ற வாடிக்கையாளரின் அலட்சியத்தால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஆகும் இழப்பு முழுக்க வாடிக்கையாளர் தலையில்தான். இபி, கேஸ், சொத்து வரி, ஓடிடி இவற்றைத் தாராளமாகப் பகிருங்கள். வங்கிக்கு ஜாயின்ட் அக்கவுன்ட்டும் நாமினியும்தான் முறையான வழி. யுபிஐ பின் எந்தப் பெட்டகத்துக்கும் போக வேண்டாம், தினமும் தட்டுவதை மறக்கப் போவதில்லை.

மற்ற மூன்று

புரோட்டான் பாஸ் 2023இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. இலவசத் திட்டம் பிட்வார்டனுக்குச் சமமாகத் தாராளமானது. உங்கள் உண்மையான மின்னஞ்சலை மறைக்கப் பத்து மாற்று முகவரிகளும் இலவசமாகத் தருகிறது. கூப்பனுக்காகக் கண்ட தளத்திலும் மெயில் ஐடி கொடுப்பவர்கள் இதைப் பார்க்கலாம்.

ஜோஹோ வால்ட் நம் ஊர்க் கம்பெனியின் தயாரிப்பு. தனிநபருக்கு இலவசம். இருந்தாலும் அதன் பலம் அலுவலகத்தில்தான் தெரியும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஜிஎஸ்டி தளம், கூரியர் தளம், கடையின் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது என்றால், ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது தலைவலி ஆரம்பிக்கும். அதற்கு இது சரியான மருந்து.

கீபாஸ் வேறு ரகம். 2003 முதல் இருக்கிறது, முற்றிலும் இலவசம், நிறுவனம் என்று ஒன்றே இல்லை. பாஸ்வேர்டெல்லாம் பூட்டிய ஒரே ஒரு கோப்பில் இருக்கும், அந்தக் கோப்பு உங்களிடம் இருக்கும். கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ் என்று நல்ல செயலிகள் உண்டு. யாரையும் நம்ப வேண்டாம் என்பது இதன் அழகு, எல்லாப் பொறுப்பும் நம்முடையது என்பது இதன் விலை. போன் தொலைந்த அன்று அந்தக் கோப்பின் இன்னொரு நகல் எங்கே என்பதுதான் கேள்வி. பென்டிரைவில் ஆறு மாதம் முன்பு எடுத்தது இருந்தால், ஆறு மாதத்தில் மாற்றியதெல்லாம் இல்லை. கூகுள் டிரைவில் வைத்து இரண்டு சாதனத்தில் ஒரே நேரம் திருத்தினால் இரண்டு பதிப்பாகப் பிரிந்து நிற்கும். பேக்அப் எடுப்பதைப் பழக்கமாக வைத்திருப்பவருக்கு இது தங்கம், மற்றவர்கள் விலகியிருப்பதே நல்லது.

மாஸ்டர் பாஸ்வேர்டு, ஒரு கவர்

எதைத் தேர்ந்தாலும் மாஸ்டர் பாஸ்வேர்டில்தான் எல்லாம் நிற்கிறது. குறிகளும் எண்களும் திணித்த எட்டு எழுத்தைவிடச் சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்கள் வலுவானவை. பகடையை ஐந்து முறை உருட்டி ஒரு சொல் என்று எடுக்க 7,776 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியல்கள் இருக்கின்றன. தடித்த தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்த சொல்லையும் எடுக்கலாம். பாட்டு வரியும் குறளும் வேண்டாம், நமக்கு ஞாபகம் வருவது ஊகிப்பவருக்கும் வரும்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுவதில் ஒரு பொறி உண்டு. ‘ழ’வுக்கு எந்த எழுத்தைப் போட்டோம், ‘த’வுக்குப் பின்னால் எச் போட்டோமா, நெடிலுக்கு இரண்டு ஏ போட்டோமா என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். மூன்று தப்பு முயற்சிக்குப் பிறகு நம் மேலேயே சந்தேகம் வரும். ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடிய சொற்களாகப் பார்த்து எடுங்கள்.

அப்புறம் ஒரு கவர். அதில் ஒரே தாள்: மாஸ்டர் பாஸ்வேர்டு, ஜிமெயில் பாஸ்வேர்டு, கூகுளின் பேக்அப் குறியீடுகள், மேனேஜரின் மீட்புக் குறியீடு, ஒன்பாஸ்வேர்டு என்றால் அதன் ரகசியச் சாவி. எழுத்தில் சொற்களின் ஸ்பெல்லிங் தெளிவாக இருக்கட்டும். வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே அதை வைத்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். இந்தக் கவர் இருந்தால், கோப்பின் நகலும் வேண்டியிருக்கும் கீபாஸ் தவிர, மேலே சொன்ன எந்தச் செயலியும் உங்களைக் கைவிடாது. இல்லையென்றால் ஒன்பாஸ்வேர்டுதான் முதலில் கைவிடும்.

குடிபெயரும்போது

நூறு கணக்கையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்ற உட்காராதீர்கள், பாதியில் வெறுத்துவிடும். முதலில் மெயில், வங்கி, வருமான வரி. மற்றவை அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது ஒவ்வொன்றாக மாறட்டும். குரோமில் ஏற்கெனவே இருப்பவற்றை சிஎஸ்வி கோப்பாக எடுத்துப் புது இடத்தில் ஏற்றலாம். அந்தக் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாகத் தெரியும். ஏற்றி முடித்ததும் டவுன்லோட்ஸிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள், மெயிலில் அனுப்பிக்கொள்ளவே வேண்டாம். குரோமின் ‘சேமிக்கவா?’ கேள்வியையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கேட்பார்கள்.

வெளியே எடுக்கும் வசதி இல்லாத மேனேஜர் பக்கம் போகவே வேண்டாம். பெரிய கம்பெனி என்பதும் உத்தரவாதம் ஆகாது. மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டர் செயலியில் பாஸ்வேர்டு நிரப்பும் வசதியை 2025 ஜூலையில் நிறுத்தி, ஆகஸ்டில் அங்கிருந்த பாஸ்வேர்டுகளைப் பார்ப்பதையும் நிறுத்தியது.

சில வங்கித் தளங்கள் பாஸ்வேர்டை ஒட்டவே விடாது, பார்த்துத்தான் தட்ட வேண்டும். அவற்றுக்குப் பூஜ்யமும் ஓ எழுத்தும் குழம்பாதபடி பாஸ்வேர்டு உருவாக்கச் சொல்லும் அமைப்பு மேனேஜரிலேயே இருக்கும். இன்னொரு புது விஷயம்: ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. பழைய முகவரியில் சேமித்த பாஸ்வேர்டை மேனேஜர் புது முகவரியில் நிரப்பாது. பழுது என்று நினைத்து உடனே நகலெடுத்து ஒட்டிவிடாதீர்கள். முகவரி ‘.பேங்க்.இன்’ என்றே முடிகிறதா, அதற்கு முன்னால் இருப்பது உங்கள் வங்கியின் பெயர்தானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சரியாக இருந்தால் அந்தப் பதிவைத் திறந்து புது முகவரியை இரண்டாவதாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்த தடவை தானாக நிரப்பும்.